மணல் ஈயின் வாய்க்குள் பார்த்த மருத்துவர்

என் முதல் நியமனம் சரவாக்கின் உட்பகுதியில் இருந்த ஒரு மருத்துவமனையில். ஆண்டு 2002. கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்கு ஆறும் காடும் நீண்ட வீடுகளும் புதிது. ஆய்வுக்கூடத்தில் என் வேலை மட்டும் பழையதுதான். காய்ச்சலோடு வருபவர்களின் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் மலேரியாக் கிருமியைத் தேட வேண்டும்.

ஒரு நாள் மரம் வெட்டும் முகாமிலிருந்து ஒருவரைக் கொண்டு வந்தார்கள். சிவப்பணுக்களுக்குள் கிருமி குறுக்கே ஒரு பட்டைபோலக் கிடந்தது. பட்டை வடிவம் கண்டால் அது 'பிளாஸ்மோடியம் மலேரியே' என்று படிக்கும்போதே மனப்பாடம் செய்திருந்தோம். மலேரியா வகைகளில் அது சாதுவானது. மூன்று நாளுக்கு ஒரு முறைதான் பெருகும், ஆளைக் கொல்வது அரிது. சீட்டில் அந்தப் பெயரை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த தகட்டை எடுத்தேன். அந்த மனிதருக்கோ மறுநாளே மூச்சுத் திணறல் வந்துவிட்டது. இரத்தத் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கின. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். சாதுவான கிருமி ஏன் இப்படிச் செய்தது என்று அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

2004-இல் பதில் கிடைத்தது. மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் கப்பிட் வட்டாரத்து நோயாளிகள் 208 பேரின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தார்கள். அவர்களில் 120 பேருக்கு இருந்தது குரங்குகளிடம் காணப்படும் 'பிளாஸ்மோடியம் நோலெசி'. நுண்ணோக்கியில் அது மலேரியேவைப் போலவே தெரியும், ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். அதாவது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாளைக்குப் பல மடங்காகியிருக்கும்.

நான் வேலை செய்த இடம் கப்பிட் அல்ல. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கையெழுத்தில் எத்தனை சீட்டுகள் தவறான பெயரோடு போயிருக்கும்?

அறிவியல் முறையில் ஓர் உயிரின் பெயரை முழுமையாக எழுதும்போது, அந்தப் பெயரைச் சூட்டியவர்களின் பெயரையும் பின்னால் சேர்ப்பார்கள். நோலெசிக்குப் பின்னால் சின்டன், முல்லிகன், 1932 என்று இருந்தது. நான் 2002-இல் பிரித்தறியத் தவறிய கிருமியை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். யார் இவர்கள் என்று தேடியபோது கிடைத்த வாழ்க்கைதான் ஜான் அலெக்சாண்டர் சின்டனுடையது.

சின்டன் 1884 டிசம்பர் 2-ஆம் நாள் கனடாவின் விக்டோரியா நகரில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் வட அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டது. பெல்பாஸ்டில் இருக்கும் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1908-இல் முதல் மாணவராகத் தேறினார். 1911-இல் இந்திய மருத்துவப் பணிக்கான தேர்விலும் முதலிடம். எல்லாத் தேர்விலும் முதலிடம் வாங்குகிற ஆள் ஒருவர் நம் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பாரே, அந்த ரகம். இந்தியா போவதற்கு முன் லிவர்பூலின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சிறிது காலம் ஆராய்ச்சி செய்தார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டறிந்த ரொனால்ட் ரோஸின் தொடர்பு அங்கே கிடைத்தது.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. இன்றைய ஈராக்கில், டைக்ரிஸ் ஆற்றங்கரையிலுள்ள கூட் நகரில் ஒரு பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரின் முற்றுகையில் சிக்கிக்கொண்டது. அதை மீட்கப் போன படையில் சின்டன் கேப்டன் நிலையில் மருத்துவராக இருந்தார். 1916 ஜனவரி 21-ஆம் நாள் ஓரா இடிபாடுகள் என்ற இடத்தில் தாக்குதல் நடந்தது. மழை, சேறு, ஒதுங்க மறைவில்லாத சமவெளி. அந்த ஒரு நாளில் ஏறத்தாழ 2,700 பேர் மடிந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். தாக்குதல் தோற்றுப்போனது.

காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த சின்டனின் இரு கைகளிலும் குண்டு பாய்ந்தது. விலாப் பக்கமும் ஒரு குண்டு துளைத்துப் போனது. மருத்துவமனைக்குப் போக அவர் மறுத்துவிட்டார். பொழுது சாயும்வரை குண்டு மழைக்கு நடுவே தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார். இதற்காகவும், முன்பு நடந்த மூன்று சண்டைகளில் காட்டிய துணிவுக்காகவும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அவருக்குக் கிடைத்தது. வயது 31.

பெரும்பாலான வரலாறுகளில் இதுதான் உச்சக் காட்சியாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் என்பதால் இருக்கலாம், இதற்குப் பிறகு வரும் பகுதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

1921-இல் அவர் இராணுவப் பிரிவை விட்டு, பொதுமக்களுக்கான மருத்துவப் பிரிவுக்கு மாறினார். இமயமலை அடிவாரத்தில் இருக்கும் கசௌலி என்ற குளிர்ந்த சிற்றூர் அவருடைய இடமானது. அடுத்த பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் அங்கேதான். மலேரியா அவருடைய முதன்மை வேலை. பிற்காலத்தில் இந்திய மலேரியா ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரும் ஆனார். மலேரியாவால் இந்தியா எவ்வளவு இழக்கிறது என்று கணக்குப் போட்டு, ஆண்டுக்குப் பத்து லட்சம் உயிர்கள் என்று எழுதிவைத்தவரும் அவர்தான். ஆனால் இந்த வேலைக்கு நடுவே மணல் ஈக்களையும் விடாமல் சேகரித்து வகைப்படுத்திக்கொண்டிருந்தார்.

மணல் ஈ என்றதும் தியோமான், லங்காவி கடற்கரையில் கடித்துத் தடிப்பை உண்டாக்கும் பூச்சி உங்கள் நினைவுக்கு வரலாம். மலாயில் 'அகாஸ்' என்று சொல்லப்படும் அது பெரும்பாலும் வேறு குடும்பம். சின்டன் ஆராய்ந்த மணல் ஈ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பெல்லாம் ரோமம். உட்காரும்போது இறக்கைகளை மடக்காமல் 'வி' எழுத்தைப் போலத் தூக்கி வைத்துக்கொள்ளும். தொலைவாகப் பறக்கத் தெரியாது, தத்தித் தத்திப் போகும். சாதாரணக் கொசுவலையின் ஓட்டை வழியே நுழைந்துவிடும். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக்கொட்டகை ஈரத்திலும் வளரும்.

இந்தச் சின்னப் பூச்சிக்கு ஏன் இவ்வளவு பாடு? அந்தக் காலத்து அசாமிலும் வங்காளத்திலும் கறுப்புக் காய்ச்சல் என்று பொருள்படும் 'காலா அசார்' நோய் ஊர் ஊராகக் காலி செய்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு புடைக்கும், உடல் எலும்பாகும், தோல் கறுக்கும். மருந்து கொடுக்காவிட்டால் பெரும்பாலும் மரணம். நோயின் கிருமியை 1903-இலேயே கண்டுவிட்டார்கள். அதைக் கண்ட இருவரில் ஒருவர் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வேலை செய்த சார்ல்ஸ் டோனவன். ஆனால் அது ஆளிலிருந்து ஆளுக்கு எப்படிப் போகிறது என்பது தெரியவில்லை. மூட்டைப்பூச்சிதான் காரணம் என்று ஆண்டுக்கணக்கில் அதன் பின்னால் ஓடினார்கள். தவறான பூச்சியின் பின்னால்.

மணல் ஈயின்மேல் சந்தேகம் வந்தபோதும் சிக்கல் தீரவில்லை. எந்த மணல் ஈ? இந்தியாவில் பல வகைகள் உண்டு. வெறுங்கண்ணுக்கு எல்லாமே மங்கிய மஞ்சள் தூசிதான். அவற்றில் சில மனிதரைக் கடிப்பதே இல்லை, பல்லியின் இரத்தத்தைக் குடித்துவிட்டுப் போகும். அவற்றையெல்லாம் ஒரே பெயரில் போட்டுக் குழப்பினால் நோயின் வழி ஒருபோதும் தெரியாது.

சின்டன் ஈயைப் பிரித்துப் பார்த்தார். ஆண் ஈயில் வால் நுனியிலிருக்கும் கொக்கிகளின் முட்களை எண்ணினார். பெண் ஈக்களைப் பிரிப்பதுதான் கடினம், கடிப்பவையும் அவைதான். அவற்றின் தலையை ஊசியால் பிரித்து, வாய்க்குழிக்குள் சீப்புப்போல வரிசையாக இருக்கும் பற்களையும் தொண்டையின் அமைப்பையும் பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் விந்துப்பை வழவழப்பாக இருக்கிறதா, வளையம் வளையமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் பூச்சியின் வாய்க்குள் இருக்கும் பல் எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். குண்டு துளைத்த கைகளால் செய்த வேலை இது.

ஒவ்வொரு வகையையும் பற்றிச் சிறு சிறு கட்டுரைகளாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரே தலைப்பு, எண் மட்டும் கூடிக்கொண்டு போகும். 1932-இல் முப்பதாவது பகுதி வந்தபோது, இந்தியாவில் கிடைத்த பெண் மணல் ஈக்கள் எல்லாவற்றையும் அடையாளம் காண்பதற்கான அட்டவணை அதில் இருந்தது. முப்பது பகுதிகள்! படிக்கச் சுவாரசியமாக இருக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். அது அகராதிபோல, தேவைப்படும்போது திறந்து பார்க்க வேண்டியது.

பெயர்கள் ஒழுங்கானதும் வரைபடம் போட முடிந்தது. எந்த ஈ எந்த ஊரில் கிடைக்கிறது, எந்த நோய் எந்த ஊரில் இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் சின்டன். 'வெள்ளிக்கால்' என்று பொருள்படும் 'பிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ்' என்ற வகையின் பரவலும் காலா அசாரின் பரவலும் ஒத்துப்போவதை 1920-களின் நடுப்பகுதியில் சுட்டிக்காட்டினார். அந்த ஈ இருந்த எல்லா இடத்திலும் நோய் இல்லை. ஆனால் நோய் இருந்த இடத்தில் அந்த ஈ இருந்தது. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். நோய் பரவ ஈ மட்டும் போதாது, ஆனால் ஈ இல்லாமல் முடியாது என்பது அதன் பொருள்.

நம் மண்ணிலும் இதே கதை உண்டு. மலாயாவில் மெல்கம் வாட்சன் என்ற மருத்துவர், கடலோரத் தாழ்நிலத்து மலேரியாக் கொசு நிழலான சதுப்பில் முட்டையிடுகிறது என்றும், மலைப்பாங்கான தோட்டங்களில் இருக்கும் வேறொரு கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுகிறது என்றும் கண்டார். தாழ்நிலத்தில் காட்டை வெட்டினால் காய்ச்சல் குறைந்தது. மலைத்தோட்டத்தில் அதையே செய்தபோது ஓடையில் வெயில் பட்டு, காய்ச்சல் கூடியது. ரப்பர் மரம் நட வந்து அந்த லயங்களில் காய்ச்சலில் செத்தவர்களில் பெரும்பகுதி நம் தாத்தா பாட்டிமாரின் தலைமுறை. எந்தக் கொசு என்ற கேள்வி அவர்களுக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

மீண்டும் இந்தியாவுக்கு வருவோம். 1924-இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ரொபர்ட் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகிய மூவரும் காலா அசார் நோயாளிகளை வெள்ளிக்கால் ஈக்களால் கடிக்க வைத்தார்கள். சில நாள் கழித்து அந்த ஈக்களின் குடலில் கிருமி பெருகியிருந்தது. வரைபடம் காட்டிய ஈயும் ஆய்வுக்கூடம் காட்டிய ஈயும் ஒன்றாகிவிட்டன. ஆனாலும் ஈ கடித்து மனிதருக்கு நோய் வருகிறது என்று நிரூபிக்க மேலும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. கிருமி வளர்ந்து முடிவதற்குள் ஈக்கள் செத்துவிடும், அல்லது கடித்தாலும் நோய் வராது. கடைசியில் வழி திறந்தது உலர்ந்த திராட்சையால்! இரத்தம் குடித்த ஈக்களுக்கு அடுத்த வேளை திராட்சையைக் கொடுத்தபோது அவை பிழைத்திருந்தன, கிருமியும் அவற்றின் தொண்டையை அடைக்கும் அளவுக்குப் பெருகியது. அந்த முறையைக் கொண்டு 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர், தாமாக முன்வந்த மனிதர்களிடம் சோதித்து ஐயத்தைத் தீர்த்தார்கள்.

இனி என் கண்ணாடித் தகட்டுக்கு வருகிறேன். 1931-இல் அதே கல்கத்தாப் பள்ளியில் காலா அசார் ஆராய்ச்சிக்காகக் குரங்குகள் வாங்கினார்கள். அவற்றில் ஒன்று சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிப் போன நீள்வால் குரங்கு. நம் ஊர்களில் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிறதே, அதே இனம். அதன் இரத்தத்தை நேப்பியரும் அவருடைய துணைவரும் வேறு குரங்குகளுக்குச் செலுத்தியபோது, யாரும் எதிர்பாராத ஒரு மலேரியா பொங்கி எழுந்தது. இந்தியக் குரங்குகளுக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. நோல்ஸும் தாஸ் குப்தாவும் அந்தக் கிருமியை ஆராய்ந்து, அது மனிதருக்கும் தொற்றக்கூடியது என்று காட்டினார்கள். ஆனால் பெயர் வைக்கவில்லை.

கசௌலியில் சின்டனும் முல்லிகனும் அதே கிருமியை எடுத்துக்கொண்டார்கள். ஈயின் வாயைப் பார்த்த அதே கண். தெரிந்த குரங்கு மலேரியாக்களோடு ஒவ்வொரு பருவமாக ஒப்பிட்டார்கள். 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிகிறது, இது வேறெதிலும் சேராது என்ற முடிவுக்கு வந்தார்கள். புதிய இனம் என்று அறிவித்து, நோல்ஸின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். தம் பெயரை வைத்துக்கொள்ள மரபும் இடம் கொடுக்காது, அவர் குணமும் இடம் கொடுத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு உலகம் அந்தக் கிருமியைக் கிட்டத்தட்ட மறந்தே போனது. 1965-இல் பகாங் காட்டில் தங்கி வேலை செய்த அமெரிக்க நில அளவையாளர் ஒருவருக்கு அது இயற்கையாகத் தொற்றியது. அவருக்கும் முதலில் மலேரியே என்று எழுதியவர்கள் உண்டு. இது அரிதிலும் அரிது என்று வைத்துவிட்டார்கள். பிறகுதான் கப்பிட். 2007-இல் சிங்கப்பூரிலேயே ஓர் இராணுவ வீரருக்கு வந்தது. மலேசியாவில் 2018 முதல் மனித மலேரியா உள்நாட்டில் தொற்றவில்லை. ஆனால் நோலெசி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது. சரவாக்கில் 1996-ஆம் ஆண்டின் பழைய தகடுகளை எடுத்து மரபணு முறையில் சோதித்தபோது, மலேரியே என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை நோலெசியாக இருந்தன. நான் மட்டுமல்ல என்று ஆறுதல் கொள்ளலாம். அது பெரிய ஆறுதல் இல்லை.

சின்டன் 1936-இல் இந்தியாவிலிருந்து திரும்பினார். இங்கிலாந்தில் மலேரியா ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் மீண்டும் சீருடை அணிந்து, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் படைகளுக்கு மலேரியா ஆலோசகராக அலைந்து பிரிகேடியராக ஓய்வு பெற்றார். 1946-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. விக்டோரியா சிலுவையும் அந்த உறுப்பினர் தகுதியும் ஒருவரிடமே சேர்ந்தது அவரிடம் மட்டும்தான். வட அயர்லாந்தில் குக்ஸ்டவுன் ஊரில் 1956 மார்ச் 25-இல் காலமானார். அவர் மற்றவர்களுக்குச் செய்ததை மற்றவர்கள் அவருக்குச் செய்தார்கள். ஒரு கொசுவுக்கு 'அனாபிலிஸ் சின்டோனி' என்றும், மணல் ஈக்களின் ஓர் உட்பிரிவுக்கு 'சின்டோனியஸ்' என்றும் பெயர்.

நான் இப்போது தீபகற்பத்தில் வேலை செய்கிறேன். பட்டை வடிவக் கிருமியைக் கண்டால் மலேரியே என்று மட்டும் எழுதி முடித்துவிடுவதில்லை. நோலெசியாக இருக்கலாம் என்று மருத்துவரை உடனே அழைத்துச் சொல்லிவிட்டு, இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறோம். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குத் தகட்டைக் காட்டும்போது பெயருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பெயர்களையும் சொல்லிவைப்பேன்.

அண்மையில் வந்த ஒரு டிப்ளோமா மாணவி கதையைக் கேட்டுவிட்டு, ஈயின் தலையை எந்த ஊசியால் பிரித்திருப்பார் சார் என்று கேட்டாள். மெல்லிய ஊசி ஒன்றை ஒரு குச்சியில் செருகிக் கொடுத்தேன். குளியலறைத் தண்ணீர்த் துளையருகே சுவரில் உட்கார்ந்திருக்குமே, சின்ன அந்துப்பூச்சி மாதிரி ரோமமுள்ள ஈ, அது மணல் ஈயின் குடும்பம்தான். கடிக்காது. மறுநாள் ஒரு மருந்துக் குப்பியில் அப்படி ஆறு ஈக்களோடு வந்தாள். உணவு இடைவேளையில் உட்கார்ந்து பிரித்தாள். முதல் ஐந்தும் நசுங்கிப்போயின.